பெயர் இல்லாத பாதி

கோரிமேட்டில், வண்டிகள் மலையைப் பார்த்துத் திரும்பும் இடத்தில்
என் மருந்துக்கடை.
ஐந்தே முக்காலுக்கு ஷட்டர் பாதி எழும்போது
முதல் நடை வண்டி ஒருமுறை ஹாரன் அடிக்கும்.
அர்த்தனாரி.
இறங்கமாட்டார். ஜன்னலில் இருந்து
இருபது ரூபாய் மட்டும் நீளும்:
"வலிக்கு ரெண்டு, கேஸுக்கு ரெண்டுங்."

ஏற இருபது வளைவு, இறங்க இருபது.
நாளுக்கு நாலு நடை.
நூற்றி அறுபது தரம் சுழன்ற வலது தோள்
வீட்டில் சட்டையைக் கழற்ற மட்டும்
ஒத்துக்கொள்ளாதாம்.
கழற்றிவிடுகிற பொன்மலர் சொன்னது.

அட்டையைக் கத்தரியால் வெட்டிக் கொடுப்பேன்.
மருந்தின் பெயர் ஒரு பாதியில் நின்றுவிடும்,
காலாவதித் தேதியும் அதனோடேயே.
அவர் கைக்குப் போனது
எப்போதும் பெயர் இல்லாத பாதி.
ஆரஞ்சு என்றால் வலி, மஞ்சள் என்றால் கேஸ்.
மூன்று வருடம்.
அதில் என் பங்கு இல்லையென்று
இங்கே எழுதப் போவதில்லை.

வெறும் வயிறு, ஒரு டீ, ஒரு மாத்திரை,
அப்புறம் முதல் வளைவு.
மழைநாளில் கண்டக்டர் பையிலிருந்து இன்னொன்று:
பெயர் வேறு, குடும்பம் ஒன்று.
பங்காளிகள் இருவர் ஒரே வீட்டில் இறங்கினால்
சுவர்தானே வாங்கிக்கட்டும்.
ராத்திரி நெஞ்சு எரிய,
சாயங்காலம் தின்ற தட்டுவடை செட்டின் மேல் பழிபோட்டு
சோடா குடித்துப் படுப்பார்.
பாவம், தட்டுவடை.

உடம்புக்குள் ஓர் ஆள் இருக்கிறான்.
வலியென்று கூவுவதும் அவன்தான்,
வயிற்றின் உட்சுவருக்குப் பூச்சு பூசுவதும் அவன்தான்.
கூவாதே என்று அவனைப் பிடித்து அடைத்தால்
பூச்சு வேலையும் நிற்கும்.
இதைப் படித்துத் தேறித்தான்
சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறேன்,
கத்தரி தொங்கும் ஆணிக்கு நேர் மேலே.

மாம்பழ வண்டிகள் ரோட்டை அடைத்த ஒரு செவ்வாய்க்கிழமை
அவர் இறங்கி வந்தார்.
உதடு வெளுத்திருந்தது.
"கேஸ் மாத்திரை மட்டும் சேர்த்துக் குடுங்.
ரெண்டு நாளா கருப்பா போகுது."
எப்படிக் கருப்பு?
"புதுசா ஊத்துன தாரு மாதிரி."
இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது?
"இல்லீங்."
தலை சுற்றல்?
கொஞ்சம் யோசித்தார்.
"நேத்து, பதினாலாவது வளைவுல."

பின்னால் வண்டி நிறைய ஆட்கள்.
எஸ்டேட்டுக்குப் போகிறவர்கள், ஒரு கல்யாணக் கூட்டம்,
பலாப்பழத்தை மடியில் பிடித்த ஒரு பெண்.
கத்தரியை டிராயரில் போட்டு மூடினேன்.
இது கேஸ் இல்லை, உள்ளே ரத்தம் கசிகிறது,
பெரியாஸ்பத்திரிக்கு, இப்போதே.
"நடை இருக்குதுங்களே" என்றார்.
நடை இருக்கும், நீங்க?
என் குரல் அவ்வளவு உயரும் என்று
எனக்கே அன்றுதான் தெரிந்தது.
ஆட்டோ அவரோடு இறங்கிப் போனது.
மாற்று டிரைவர் வரும் நாற்பது நிமிடமும்
ஒரு பஸ் நிறைய மனிதர்களுக்கு நான் வில்லி.

புண். இரண்டு பாட்டில் ரத்தம்.
எட்டு நாள் மோர்சாதம்.

ஆடியில் ஒருநாள் பயணியாக வந்தார்.
தோளுக்கு இப்போது டாக்டர் எழுதியது வேறு.
முழு அட்டையாகக் கொடுத்தேன்.
ஆறு மணி நேரத்துக்குள் அடுத்தது வேண்டாம்,
சளி மாத்திரைக்குள்ளும் இதுவே ஒளிந்திருக்கும்,
அதையும் கணக்கில் சேருங்கள், என்றேன்.
தலையாட்டிவிட்டு முதல்முறையாகக் கேட்டார்:
"இதும் பேரென்னங்க?"
சொன்னேன்.
பாரா, செட்டா, மால்.
ஒவ்வொரு நிறுத்தமாக நின்று நின்று
திருப்பிச் சொன்னார்.

இன்று காலை ஐந்தே முக்கால்.
அதே வண்டி, வேறு கை, வாட்ச் கட்டிய இளங்கை.
"அக்கா, வலிக்கு ரெண்டு."
சாப்பிட்டாச்சா? என்றேன்.
நலம் விசாரிக்கிறேன் என்று எடுத்துக்கொண்டு
"ஆச்சுங்க்கா, நீங்க?" என்று சிரிக்கிறான்
ஐந்தே முக்கால் மணிக்கு.

மறுபடி கேட்கிறேன்.